அமலோற்பவத்தின் சொந்த ஊர்

மாதாவூத்து கிராமத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு மலர் ஒன்று போடுவதென்று முடிவானபோது, அமலோற்பவம் பாட்டியைப் பற்றிய கட்டுரையைப் பிளாரன்ஸ்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் பாட்டியின் ஒரே மகளுக்கு ஒரே மகள். பதினேழு வயது வரை பாட்டியின் பக்கத்தில் படுத்துத் தூங்கியவள். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்ததால் அவளுக்கு எழுதவும் வரும் என்று ஊரில் நம்பினார்கள். தாயும் தகப்பனும் இறந்துவிட்டார்கள். கணவன் விக்டர் தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகிறவன். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். பிள்ளைகள் இல்லை. மறுத்துச் சொல்ல அவளிடம் காரணம் ஒன்றும் இல்லை.

எழுதுவது கஷ்டமாக இருக்கும் என்றும் அவள் நினைக்கவில்லை. கதை ஊருக்கே மனப்பாடம். 1924-ல் தூத்துக்குடியிலிருந்து சங்கு குளிக்கப் போன இரண்டு வள்ளங்கள் புயலில் திரும்பவில்லை. ஏழு வீட்டு ஆண்கள் போனார்கள். பிளாரன்ஸின் தாத்தா சிலுவையும் அதில் ஒருவர். ஏழு விதவைகளும் சொந்தக்காரர்களின் வீட்டுப் புறவாசலில் ஒண்டிக்கொண்டு ஒரு வருஷத்தைக் கழித்தார்கள். அடுத்த வருஷம் அமலோற்பவம் மற்ற ஆறு பேரையும் பதினொரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வடக்கே ஐந்து மைல் நடந்தாள். ஆள் நடமாட்டமில்லாத மணல்மேட்டில் ஓலைக்குடிசை போட்டாள். அங்கே எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர்தான் என்றார்கள். அவள் மூன்று நாள் ஜெபமாலையோடு முழங்காலில் நின்றாள். மூன்றாம் நாள் மாதா காட்டிய இடத்தில் தோண்டினாள். நல்ல தண்ணீர் வந்தது. அந்தக் கிணற்றைச் சுற்றி இப்போது எண்பது வீடுகள், அதுதான் மாதாவூத்து. டிசம்பர் எட்டாம் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று, கிணற்றங்கரையில் பாட்டியின் பெயரில் ஒரு கல் வைப்பதாக ஏற்பாடு.

பங்குச் சாமியார் வில்பிரட் அந்த ஊருக்குப் புதியவர். எதையும் முறையாகச் செய்கிறவர். கல்லில் பொறிப்பதற்குப் பாட்டி பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் வேண்டும் என்று கேட்டார். பிளாரன்ஸுக்கு இரண்டும் தெரியாது. பாட்டிக்கு ஒரு சொந்த ஊர் இருக்கும் என்று முப்பத்தொன்பது வயது வரை தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தாத்தாவின் ஊர் புன்னைக்காயல் என்பது மட்டும் தெரியும். சாமியார் அங்கே எழுதிக் கேட்டார். மூன்று வாரம் கழித்து, ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து ஒரு நகல் வந்தது.

‘1915, பாஸ்கு சனிக்கிழமை. அமலோற்பவம். வயது சுமார் இருபத்திரண்டு. முன்பெயர் அருணாசலவடிவு. தகப்பன் செல்லப்பாண்டி. ஊர் மருதமடை.’

பிளாரன்ஸ் அதை நாலைந்து தடவை படித்தாள். பாட்டி கடற்கரையில் பிறந்தவள் இல்லை. கிறிஸ்தவ வேதத்தில் பிறந்தவளும் இல்லை. இருபத்திரண்டு வயது வரை வேறு ஒருத்தியாக இருந்திருக்கிறாள். மருதமடை ஆழ்வார்திருநகரிப் பக்கம், ஆற்றோரத்து வயல்காட்டு ஊர் என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்விடலாம். இவ்வளவு பக்கத்திலா என்று அவள் நினைத்தாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஆறுமுகநேரியில் இறங்கி வேறு பஸ் மாறினாள். உப்பளங்கள் முடிந்து வாழைத் தோட்டங்கள் வந்தன. ஆழ்வார்திருநகரிக்கு முன்னாலேயே இறங்கி, வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடந்தாள். ஊர் முகப்பில் டீக்கடை வைத்திருந்தவரிடம் செல்லப்பாண்டி குடும்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

“செல்லப்பாண்டின்னா, கெணத்துக்கு நீரோட்டம் பாப்பாருன்னு சொல்லுவாவளே, அவரா? அந்த வம்சம் அத்துப்போச்சே தாயி. அவரு மவள கெட்டிக்குடுத்த வீடு இருக்கு. வடிவம்மை வீடுன்னு கேளுங்க, யாரும் காட்டுவாவ.”

வடிவம்மை வீடு. அறுபது வருஷம் கழித்தும் ஒரு வீடு பாட்டியின் பெயரில் நிற்கிறது. பிளாரன்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கெட்டிக்கொடுத்த வீடு என்றால், பாட்டிக்குத் தாத்தாவுக்கு முன்னால் ஒரு புருஷன் இருந்தானா?

அந்த வீட்டில் அறுபது தாண்டிய ஒருவர் முற்றத்தில் உட்கார்ந்து நார் திரித்துக்கொண்டிருந்தார். பெயர் நயினார். அவர் நிமிர்ந்தபோது பிளாரன்ஸ் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். செத்துப்போன அவளுடைய அம்மா கிளாடிஸின் தாடையும் வாயும் அந்த ஆண்முகத்தில் அப்படியே இருந்தன. நயினாரின் மனைவி சீனித்தாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும், அருணாசலவடிவு என்று ஒருவரைப் பற்றி விசாரிக்க வந்ததாகப் பிளாரன்ஸ் சொன்னாள்.

நயினார் எதற்கு என்று கேட்கவில்லை. எழுந்து போய்க் கால் கழுவினார். அவளை உள்ளே கூப்பிட்டார். உள்வீட்டில் கன்னிமூலையில் சுவரில் காவியும் சுண்ணாம்புமாகப் பட்டை அடித்திருந்தது. முன்னால் ஒரு விளக்கு. மேலே உத்தரத்திலிருந்து பனையோலைப் பெட்டி ஒன்று கயிற்றில் தொங்கியது.

“இதுதான் எங்கம்மை,” என்றார்.

பிறகு திரும்ப வந்து உட்கார்ந்து சாவகாசமாகச் சொன்னார். அவருக்கு இரண்டு வயது, பால் குடி மறக்கவில்லை. ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு துறைக்குப் போன அம்மை திரும்பவில்லை. குடம் மட்டும் இரண்டு மைல் கீழே ஒரு நாணல் புதரில் கிடைத்தது. உடம்பு கிடைக்கவில்லை. அதன் பிறகு வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று சீக்கு. குறி பார்த்தபோது, தண்ணியோடு போனவள் வீட்டில் இடம் கேட்கிறாள் என்று வந்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் ஐப்பசிக் கடைசிச் செவ்வாயில் ஆற்றங்கரையில் பொங்கல் வைத்து, இலையில் சோறு குவித்துப் படப்பு போட்டு, புதுச்சேலை ஒன்று எடுத்து வந்து இந்தப் பெட்டியில் வைக்கிறார்கள்.

அப்பா எப்படிப்பட்டவர் என்று பிளாரன்ஸ் கேட்டாள். அவள் கொடுமைக்காரன் ஒருவனை எதிர்பார்த்தாள். அப்பா ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர் என்றார் நயினார். மறுபடி கல்யாணம் செய்யவில்லை. ஒன்பது வருஷம் அப்படியே இருந்து இறந்துபோனார். அத்தைதான் நயினாரை வளர்த்தாள்.

“நான் அம்மைட்ட கேக்காம ஒரு வெதைகூட வெதச்சதில்ல,” என்றார் அவர். “அம்பதாம் வருசம் என் மூத்த மவன பாம்பு கடிச்சு நுரை தள்ளிக் கெடந்தான். வைத்தியரு கைய விரிச்சிட்டாரு. நான் இந்த மூலையில விழுந்து கெடந்தேன். என்னிய விட்டுட்டுப் போன, இவனயாவது குடுன்னு கேட்டேன். விடியக்குள்ள கண்ண முழிச்சிட்டான். இப்ப அவன் தூத்துக்குடி மில்லுல வேல பாக்கான்.”

ஐம்பதாம் வருஷம் பாட்டி மாதாவூத்தில் உயிரோடு இருந்தாள். பிளாரன்ஸுக்குப் பதினான்கு வயது. அந்த வருஷம்தான் பாட்டி, அவள் கோயிலில் புதுநன்மை வாங்கியபோது எடுத்த சேலையை வெட்டி இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். பிளாரன்ஸ் அதை நினைத்துக்கொண்டு அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சொல்லலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனி வரை வந்தது. நீங்கள் எதற்கு விசாரிக்கிறீர்கள் என்று அப்போதுதான் சீனித்தாய் கேட்டாள். ஒரு பழைய பதிவேட்டில் அந்தப் பெயர் இருந்தது, சரிபார்க்க வந்தேன் என்று பிளாரன்ஸ் சொன்னாள். பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்னபோது முகம் சுட்டது.

கிளம்பும்போது சீனித்தாய் அந்த ஓலைப்பெட்டியை இறக்கி, போன வருஷத்துச் சேலையை எடுத்தாள். மஞ்சளில் சிவப்புக் கரை. வருஷம் முடிகிறதற்குள் பெட்டிச் சேலையை ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், எங்கள் வீட்டில் மூன்றும் ஆண்பிள்ளை, நீங்கள் அம்மையின் பேரைச் சொல்லி வந்திருக்கிறீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். பிளாரன்ஸ் பதறிப்போய்த் தான் வேதக்காரி என்றாள்.

“வேதக்காரி சேல கெட்டமாட்டியளாக்கும்?” என்று சீனித்தாய் சிரித்துக்கொண்டே அவள் கையில் வைத்தாள். நயினார் அவளிடம் விலாசம் எழுதி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் பிளாரன்ஸ் நேராகப் பிலோமி ஆச்சியின் வீட்டுக்குப் போனாள். சிலுவைத் தாத்தாவின் தங்கை அவள். பாட்டியோடு மணல்மேட்டுக்கு வந்த ஆறு பேரில் உயிரோடிருப்பவள் அவள் ஒருத்திதான். எழுபத்தெட்டு வயது. கண் மங்கினாலும் காது கூர்மை. அடுப்படி நிழலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிளாரன்ஸ் சேலையை அவள் மடியில் வைத்தாள். ஆச்சி அதைத் தடவிப் பார்த்தாள். மஞ்சள் வாசனையை மோந்தாள்.

“மருதமடைக்குப் போனியோ?” என்றாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அறுபது வருஷம் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றாள்.

ஆற்றில் வெள்ளம் வடிந்த நேரத்தில் அது கடலில் சேரும் புன்னைக்காயல் கழிமுகத்தில் ஒரு பெண் சேற்றில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீட்டுக்குக் கூட்டிவந்தது பிலோமியின் அம்மா. மூன்று நாள் அவள் வாய் திறக்கவில்லை. மார் கட்டி, பால் வழிந்தது. புறவாசலில் போய் மணலில் பாலைப் பீச்சிவிட்டு வருவாள். அதற்கு அப்போது பதினெட்டு வயதான பிலோமிதான் துணைக்குப் போவாள். பிள்ளை எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

பிறகு அவள் பேச ஆரம்பித்தபோது ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொன்னாள். சாமியாரிடம், கனவில் மாதா வந்து கடற்கரைக்குக் கூப்பிட்டதாகச் சொன்னாள். சிலுவையிடம், புருஷன் வெள்ளத்தில் செத்துப்போனதாகச் சொன்னாள். பிலோமியிடம் ஒருநாள் சொன்னது வேறு. பிள்ளை பிறந்ததிலிருந்து மனசு தன் வசத்தில் இல்லை, அவனைத் தூக்கினால் கை நடுங்குகிறது, கிணற்றடியில் நிற்கும்போது உள்ளே போட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் நாம் போய்விடுவோம் என்று ஆற்றில் இறங்கினேன் என்றாள். தண்ணீர் அவளை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மரத்தோடு கொண்டுவந்து கடலோரத்தில் போட்டுவிட்டது.

“இதுல எது மெய், ஆச்சி?”

“எனக்கு எப்படிளா தெரியும்? மூணையும் அழாமத்தான் சொன்னா.”

அடுத்த ஐப்பசியில், ஞானஸ்நானம் வாங்கி ஆறு மாதம் ஆன பிறகு, பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அவள் கிளம்பினாள். பிலோமியும் கூடப் போனாள். ஆற்றோரமாகவே நடந்து மறுநாள் மத்தியானம் மருதமடைக்கு எதிர்க்கரையில் போய் நின்றார்கள். அக்கரையில் கூட்டமாக இருந்தது. வாழையிலையில் சோறு குவித்திருந்தார்கள். குலவைச் சத்தம் கேட்டது. ஒருவர் தோளில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை உட்கார்ந்து வெல்லக்கட்டி தின்றுகொண்டிருந்தது. யாருக்கோ திதி போல என்று பிலோமி நினைத்தாள். பிறகுதான் அவர்கள் கூப்பிட்ட பெயர் காதில் விழுந்தது.

“எம்பேரச் சொல்லிக் கும்பிடுதாவ பிலோமின்னு அவ சொன்னா. தண்ணி மொழங்காலுக்குத்தான் கெடந்துச்சு. போளா, எறங்கிப் போ, ஒம்பிள்ளதானன்னு நான் தள்ளினேன். இப்ப போனா பேயின்னு பாதிப் பேரு ஓடுவாவ, ஓடுகாலின்னு மீதிப் பேரு அடிப்பாவன்னா. அங்கனயே பொழுது சாயுற மட்டும் இருந்தா. அவுக எலைய எடுத்துட்டுப் போன பெறவு எந்திரிச்சா. அதோட சரி. அந்தப் பக்கம் திரும்பல.”

அந்தக் கிணறு விஷயத்தையும் ஆச்சி சொன்னாள். அந்த மூன்று நாளும் அமலோற்பவம் முழங்காலில் நின்றது உண்மை. மூன்று நாளும் மணல்மேட்டைச் சுற்றி வந்ததும் உண்மை. அடம்பங்கொடி எங்கே பச்சையாக ஓடுகிறது, எறும்பு எங்கே புற்று வைத்திருக்கிறது என்று பார்த்தாள். சாயங்காலம் அங்கங்கே மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்தாள். காலையில் எந்தச் சட்டியின் உட்புறம் அதிகமாக வேர்த்திருந்ததோ அங்கே மண்வெட்டியைப் போட்டாள். நீர் பார்க்கும் செல்லப்பாண்டியின் மகள் அல்லவா. மாதா காட்டிக் கொடுத்தாள் என்று மற்றப் பெண்கள் அழுதபோது அவள் மறுக்கவில்லை. தானும் அழுதாள்.

அவளுக்குப் பயமே இல்லையா என்று பிளாரன்ஸ் கேட்டாள். ஊரெல்லாம் அவள் தைரியத்தைத்தான் பேசுகிறது.

“நான் கேட்டேன். அக்கரையில நிக்கயில எனக்குப் பொங்கல் வச்சு முடிச்சிட்டாவளே, இனி எதுக்குப் பயப்படணும்னு சொன்னா. தெனமும் ஜெவம் சொல்லும்போது மட்டும் ஒடம்பு நடுங்கும் அவளுக்கு. அது பக்தியோ பயமோ, அந்த மாதாவுக்குத்தான் தெரியும்.”

அடுத்த இரண்டு மாதம் பிளாரன்ஸ் அந்தக் கட்டுரையை எத்தனையோ தடவை டைப் அடித்தாள். ‘விசுவாசத்தின் வீராங்கனை’ என்று ஆரம்பிப்பாள். நான்கு வரி தாண்டியதும் அந்த மொட்டைத் தலைக் குழந்தை வந்துவிடும். தாளை உருவிக் கசக்குவாள். பொய் சொன்னால் நாக்கில் மிளகாய் தேய்ப்பேன் என்று மிரட்டிய பாட்டி தாத்தாவிடம் அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிக் கல்யாணம் செய்திருக்கிறாள். அப்படியென்றால் கோயிலில் கட்டிய அந்தத் தாலி என்ன கணக்கு? அம்மா கிளாடிஸ் யார்? கோபம் வரும். உடனே, புறவாசல் மணலில் உட்கார்ந்து பாலைப் பீச்சிய இருபத்திரண்டு வயசுப் பெண் நினைவுக்கு வருவாள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும். மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் இருக்கும்போதுகூட, பாட்டி இங்கே இருந்து யாரைக் கூப்பிட்டாள் என்ற கேள்விதான் ஓடியது.

கடைசியில் வில்பிரட் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முதல் புருஷன் எப்போது இறந்தார் என்று கேட்டார். புயல் வந்த வருஷத்துக்கு ஒரு வருஷம் முன்னால் என்றாள். சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கல்யாணத்தைப் பற்றித் திருச்சபைச் சட்டம் ஒன்று சொல்லும், அதற்கு விலக்கு ஒன்று சொல்லும் என்று ஏதோ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

“எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு பிளாரன்ஸ். நீ எத எழுதினாலும் நான் அச்சுக்குக் குடுக்கேன். ஆனா அந்த மனுசனுக்குத் தெரியாம இங்க கல்லு வைக்கிறது சரியான்னு யோசி.”

அக்டோபர் கடைசியில் ஒரு கார்டு வந்தது. நயினார் யாரையோ வைத்து எழுதியிருந்தார். ஐப்பசிக் கடைசிச் செவ்வாய் படப்பு, சேலை வாங்கியவர்கள் வருவது முறை என்று இருந்தது. பிளாரன்ஸ் மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் மாட்டியிருந்த பாட்டியின் போட்டோவைக் கழற்றி, துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். 1951-ல் தூத்துக்குடி ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த படம். வெள்ளை ரவிக்கை, கழுத்தில் ஜெபமாலை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

ஆற்றங்கரையில் வாழையிலையில் சோறும் முருங்கைக்கீரையும் அதிரசமும் குவித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். நயினார் ஈர வேட்டியோடு நின்று, ‘அம்மா, வடிவம்மா, வந்து ஏத்துக்கோ’ என்று மூன்று முறை கூப்பிட்டார். பிளாரன்ஸ் எதிர்க்கரையைப் பார்த்தாள். மருதமரங்களின் அடியில் ஒரு எருமை நின்றுகொண்டிருந்தது. கூட நின்ற பெண்கள் எல்லோரும் கும்பிட்டபோது அவள் கையும் தானாகக் குவிந்தது. சிலுவை போட்டுக்கொள்ள வேண்டுமா என்று நினைத்தாள். போடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவள் நயினாரையும் சீனித்தாயையும் படித்துறையில் உட்காரவைத்துப் படத்தைக் கொடுத்தாள். இது யார் என்றார் நயினார். அவள் சொன்னாள். வரிசையாகச் சொல்ல நினைத்தாள், முன்பின்னாகத்தான் வந்தது. சங்கு குளிக்கிற தாத்தா, கிணறு, ஏழு பெண்கள், அந்த எதிர்க்கரை, மணலில் விழுந்த பால் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயின் முகத்தை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

“எப்ப செத்தா?”

“அம்பத்திமூணுல, மாமா.”

“அப்ப எனக்கு நாப்பத்தொண்ணு. அம்பதுல எம்மவனுக்காகக் கூப்பிட்டேனே. அப்ப இவ அங்கன சோறு பொங்கிட்டு உயிரோட இருந்திருக்கா. அப்ப வந்து காப்பாத்துனது யாரு?”

அவர் அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை. படத்தைச் சீனித்தாயிடம் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கி முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

“இத இன்னைக்குத்தான் சொல்லணுமா தாயி,” என்று சீனித்தாய் மெதுவாகக் கேட்டாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது. “அந்த மனுசனுக்கு இருந்தது அந்த ஒரு மூலதான்.”

படத்தை அவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. பிளாரன்ஸும் கேட்கவில்லை. விழா எந்த நாள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது, நாம் செய்தது சரியா தப்பா என்று முடிவு செய்ய முயன்று, ஆறுமுகநேரி வருவதற்குள் மூன்று தடவை மாற்றிக்கொண்டாள்.

டிசம்பர் எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு, கூட்டுப்பூசை முடிந்து எல்லோரும் கிணற்றங்கரைக்கு வந்தபோது, ரோட்டிலிருந்து நயினாரும் சீனித்தாயும் மணலில் கால் புதைய நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர் வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் விபூதி. விக்டர் அந்த வாரம் ஊரில் இருந்தான். அவன்தான் எதிரே போய் அவர்களைக் கூட்டிவந்து நிழலில் உட்காரவைத்தான். பிலோமி ஆச்சியின் பக்கத்தில் இடம் இருந்தது.

பிளாரன்ஸ் மைக்கின் முன்னால் நின்றாள். கையில் இருந்தது ஒரே ஒரு தாள். அமலோற்பவம் மருதமடையில் செல்லப்பாண்டியின் மகளாகப் பிறந்தார் என்று வாசித்தாள். அங்கே அவருக்கு அருணாசலவடிவு என்று பெயர். அவருக்கு நயினார் என்று ஒரு மகன். அந்த மகன் இங்கே வந்திருக்கிறார். 1914-ல் அமலோற்பவம் அந்த ஊரைவிட்டு வந்தார். ஏன் வந்தார் என்று மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார், எது உண்மை என்று எங்களுக்குத் தெரியாது. ஜெபம் செய்தும், தகப்பன் தொழிலைக்கொண்டும் இந்த இடத்தில் தண்ணீர் கண்டார். ஆறு பெண்களும் பதினொரு பிள்ளைகளும் அவரை நம்பி வந்தார்கள், ஒருவரும் தாகத்தால் சாகவில்லை. இவ்வளவுதான் வாசித்தாள். கை தட்டலாமா வேண்டாமா என்று ஊருக்குத் தெரியவில்லை. பின்னால் சலசலப்பு எழுந்தது. ஒரு பெண் எழுந்து போனாள். சாமியார் தீர்த்தம் தெளிக்கும் செம்பை எடுத்துக்கொண்டு வேகமாகக் கல்லருகே போனார்.

சடங்கு முடிந்ததும் பிலோமி ஆச்சி நயினாரின் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தாள். நீ மொட்டைத் தலையோட வெல்லம் தின்னுட்டிருந்த என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் குழந்தை மாதிரி தலையாட்டிக் கேட்டார். பிறகு கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றார். எட்டிப் பார்த்துவிட்டு, இறைத்துக் கொடுத்த தண்ணீரை நின்றபடியே இரண்டு சொம்பு குடித்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிளாரன்ஸ் அவர்களைப் பஸ் ஏற்ற ரோட்டுக்குப் போனாள். வீட்டு மூலையில் இப்போதும் விளக்கு உண்டா என்று கேட்கப் பயமாக இருந்தது. சீனித்தாயே சொன்னாள். ஒரு வாரம் அவர் ஏற்றவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. எட்டாம் நாள், எங்கேயோ போகிற மாதிரி உள்ளே போய் ஏற்றிவிட்டு வந்துவிட்டார். படத்தை முன்வீட்டில் மாட்டியிருக்கிறார், மூலையில் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, இந்த அம்மாவை எனக்குப் பழக்கமில்லை என்றாராம்.

நயினார் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி கேட்டார்.

“ஒங்க கோயில்ல அவளுக்கு என்ன செய்வீய?”

“நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறையில மெழுகுதிரி வைப்போம் மாமா. அவுக ஆத்துமா மோட்சத்துக்குப் போகணும்னு பூசை ஒப்புக்குடுப்போம்.”

“செத்து இருவத்திரண்டு வருசமாச்சே. இன்னும் போகலியா?”

“தெரியாது மாமா. தெரியாததுனாலதான் வருசா வருசம் வேண்டுதோம்.”

அவருக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்ததா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. பஸ் வந்தது. சீனித்தாய் முதலில் ஏறினாள். நயினார் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி, அடுத்த ஐப்பசிக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வா என்றார். வருகிறேன் என்று பிளாரன்ஸ் சொன்னாள். எதைக் கும்பிடப் போகிறோம் என்று தெரியாமலேதான் சொன்னாள்.